குடிக்காதவன்

1966 ஜூலை, செவ்வாய்க்கிழமை

விபத்தை விசாரிக்க இன்று சர்க்கார் அதிகாரி தாராவியில் எங்கள் தோல் கம்பெனிக்கு வந்தார். ஞானமுத்து குடித்திருந்தான் என்று சொல்லிவிட்டேன். என் மனைவியின் தம்பி. சர்ச்சில் திருவிருந்துக்குத் தரும் திராட்சை ரசத்தைத் தவிர வேறெந்த மதுவையும் நாக்கில் வைக்காதவன்.

மிஷின் பெல்ட்டின் மூடியை முதலாளிதான் கழற்றச் சொன்னார். அந்தப் பெல்ட்டில்தான் அவன் வலது கை போயிற்று. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான்.

காலையில் மேஸ்திரி என்னைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்தினார். “எலே, நீ குடியிருக்க கோலி முதலாளி குடுத்த வீடு. அவன் குடிச்சிருந்தான்னு சொல்லு. இல்லேன்னா இன்னைக்கே சட்டி பானைய வெளிய எடுத்து வை.”

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஞானமுத்துவிடமே சொன்னேன். துணி சுற்றிய தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

“வேற என்ன செய்வீக அத்தான்? இந்த மழையில அக்கா புள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போவா?” என்றான். திட்டியிருந்தால் தேவலை.

குடித்தவனுக்கு நஷ்டஈடு கிடையாதாம். நாளை அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். தாராவி முனையில் மேஸ்திரி நின்றிருந்தார். எங்கே போய் வருகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“இந்த ஊர்ல மதுவிலக்கு இருக்குல்லா? பேச்ச மாத்தினா, பர்மிட் இல்லாமக் குடிச்சான்னு போலீஸ்ல சொல்லிருவோம். கையில்லாதவன ஜெயில்ல போட்டுருவான், பாத்துக்க.”

நான் அதிகாரியிடம் சொன்னது ரோசம்மாளுக்கு இன்னும் தெரியாது. பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே, “தம்பி என்ன சொன்னான்?” என்று கேட்டாள்.

தூங்கிக்கொண்டிருந்தான் என்றேன்.