ரேடியோ இரைச்சலும் செல்வியின் முருகரும்

நவம்பர் 3, திங்கள்

விடியலிலிருந்து தூறல். மனைவி செல்வியைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். புற்றுநோய்க்குக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க. திரும்பும் வழியெல்லாம் அவளுக்குக் குமட்டல். பாட்டு கேட்டால்தான் கொஞ்சம் அடங்கும். கார் ரேடியோவோ ஒரே கொர்ர்ர். பாட்டு எது, இரைச்சல் எது, தெரியவில்லை. திருப்போரூர் தாண்டி நிறுத்தி வாந்தி.

"இன்னாய்யா, ரேடியோக்கும் என்னியாட்டம் ஒடம்பு செரியில்லியா?"

சிரித்தேன்.

நாளை விற்கவேண்டிய மீன் பெட்டிக்கு ஐஸ் சொல்ல மறந்துவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். கார் ஏரியல் உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்தது. புதுசு மாட்டினேன். இரைச்சல் போகவில்லை. ரேடியோ செட்டுக்குப் பின்னால் எர்த் ஒயரைச் சுரண்டி இறுக்கினேன். அதே கொர்ர்ர். நம் கைராசி அப்படி.

செல்வி கஞ்சி அரை டம்ளர். அதுவும் எனக்காக.

நவம்பர் 5, புதன்

திருப்போரூர், எலக்ட்ரீஷியன் பாஷா பாய். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். கடைசியில், சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகியிருந்த குட்டி முருகர் பொம்மை லைட்டை உருவினார். இரைச்சல் நின்றது. பாட்டு பளிச்.

"உங்க சாமிதான் பேஜாரு பண்ணிகினு கீறாரு அண்ணாத்த. மட்டமான லைட்டு. வேற நல்லதா மாட்டு."

நேர்ந்துகொண்ட சாமியை மாற்றுவதா? முதல் கரண்டு அன்று செல்வி வாங்கி வைத்தவர். வண்டி ஓடும்வரை எரியவேண்டும், நடுவில் அணைந்தால் தனக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. திரும்பச் செருகச் சொன்னேன். பாய் செருகினார்.

வீட்டில் சொன்னேன். "கொர்ருன்னே கெடக்கட்டும். அவர மட்டும் தொடாத" என்றாள். பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதத்தைத்தான் நானும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

நல்ல மழை. செங்கல்பட்டில் டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம்: "நோய் கரண்டுக்குக் கேக்கல. இனிமே அலைய வேணாம். வீட்லயே வச்சுப் பாத்துக்குங்க."

காரில் ஏறியதும் கேட்டாள். "இன்னா சொன்னாங்கோ?"

"கொஞ்ச நாளு ரெஸ்ட்டு. அப்பால வரச் சொன்னாங்கோ."

எனக்குப் பொய் வராது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியைக் கிளப்பினேன். கொர்ர்ர். கையை நீட்டி முருகரை உருவினாள்.

"ஐயோ, இன்னாத்துக்கு அணைச்ச?"

"வெளக்க அணைச்சன்னு சொல்லக்கூடாது. மலையேறிட்டாருன்னு சொல்லு. பாட்ட சத்தமா வையி."

வைத்தேன். துல்லியம். முருகரை மடியில் வைத்துக்கொண்டு கூடவே முணுமுணுத்தாள். வாந்தி இல்லை. எனக்குத்தான் ரோடு சரியாகத் தெரியவில்லை.

எங்கள் ஊர் நெம்மேலி வந்தது. வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. மாமல்லபுரம் ரோட்டிலேயே விட்டேன்.

"யோவ், வூடு தாண்டிட்ட."

"பாட்டு முடியட்டும்."