எமெட் கோடு

ஹேஸல் பார்க், மிச்சிகன்
14 ஜூன் 1998

அன்பு மகள் மார்லாவுக்கு,

அப்பா நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. அதை எண்ணிக்கையில் சேர்க்காதே.

நேற்று பழைய கார்க் கண்காட்சியில் உன் அப்பன் மானம் போயிற்று. ஓர் ஆரஞ்சு நிறக் காரின் பக்கப்பட்டையைக் குனிந்து பார்த்தேன். கையிலிருந்த ஹாட் டாகிலிருந்து கடுகு சாஸ் கதவில் சொட்டிவிட்டது. காரின் சொந்தக்காரன் பாய்ந்து வந்தான். "பெரிசு, கண்ணு தெரியலையா?" "தெரியலைதாம்ப்பா" என்று என் தொப்பியாலேயே துடைத்தேன். அதற்கும் கத்தினான், தொப்பி அழுக்காம்.

மூக்குக்கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. அறுபத்திரண்டு வயதிலும் இந்த மூஞ்சிக்கு அழகு பார்க்கிறேன்.

உன் கார்ப் பட்டறை எப்படி ஓடுகிறது? கடிதம் போடு.

அப்பா
வெர்லின்

டூஸான், அரிசோனா
22 ஜூன்

அன்புள்ள அப்பாவுக்கு,

சிரித்ததில் காபி மேசையெல்லாம் கொட்டிவிட்டது.

உங்கள் ஆலையில் செய்த கார் ஒன்று பட்டறைக்கு வந்திருக்கிறது, 1970. அந்தக் கறுப்புப் பட்டை! முன்விளக்கருகே பென்சில் கோடாகத் தொடங்கி, கதவில் விரல் அகலமாகி, பின்சக்கரத்துக்கு மேல் புடைத்த இடுப்பில் ஏறும்போது உள்ளங்கை அகலம் ஆகிறது. இடப்பக்கம் மட்டும், வால் அருகே அரை விரல் கீழே சரிகிறது. அந்தச் சரிவால் வண்டியே பாயப்போகிற பூனை மாதிரி பின்னங்காலில் பதுங்குகிறது.

தவறென்று நினைத்து நேராக்கப் போனேன். கார்க்காரர் பதறிவிட்டார். "ஐயையோ, தொடாதேம்மா! அது எமெட் கோடு!" ஒரே ஒரு வாரத்து வண்டிகளில்தான் அது உண்டாம், அதனால் மதிப்பு அதிகமாம். யாரோ பழைய மேற்பார்வையாளரைத் தேடிப் பிடித்துப் பெயரையும் வாங்கிவிட்டார்கள். நம் எமெட் மாமாதானே? நீங்கள் காரின் எதிர்ப்பக்கம் நின்று பட்டை ஒட்டியவர்.

புதுப் பட்டையிலும் அதே சரிவு வேண்டுமாம். நான்கு முறை ஒட்டினேன், நான்கும் நேராகவே வந்தன. தப்பாகச் செய்யக் கை வரவில்லை. மாமா எப்படி ஒட்டினார் என்று சொல்லித் தாருங்கள்.

மார்லா

ஹேஸல் பார்க்
1 ஜூலை

அன்பு மார்லா,

சொல்லித் தருகிறேன். சோப்புத் தண்ணீரைத் தெளி. பட்டையை அதில் மிதக்கவிடு. முன்விளக்கிலிருந்து ரப்பர்த் தகட்டால் நீவிக்கொண்டே போ. பின்சக்கரம் தாண்டியதும், உன் கண்ணாடியைக் கழற்றிச் சாப்பாட்டுப் பெட்டியில் வை. இப்போது கார் உடம்பில் ஓடும் மடிப்பும் அதன் நிழலும் ஒன்றாகத் தெரியும். நிழலைப் பிடித்துக்கொண்டு போ. சரிவு தானாக வரும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய்.

ஆலையின் வேலைப் பட்டியல்படி இடப்பக்கம் எமெட்டினுடையது, வலப்பக்கம் என்னுடையது. மின்விசிறி இடப்பக்கம் இருந்தது. அந்த வாரம் அனல். "எமெட், ஒரு வாரம் மாத்திக்கலாமா?" என்றேன். "காத்து வாங்கிக்கடா சீமானே" என்று இடம் மாறினான்.

சனிக்கிழமை, கோடு சரிந்திருப்பதைக் கண்டுபிடித்து மேற்பார்வையாளர் பட்டியலோடு வந்தார். "இடப்பக்கம் எவன்?" எமெட் பட்டியலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் சோப்புத் தண்ணீர் வாளியைப் பார்த்தேன். உனக்கு அப்போது நான்கு வயது என்று இருபத்தெட்டு வருடமாக எனக்கு நானே சாக்குச் சொல்லிவருகிறேன்.

அவனைத் தகடு அழுத்தும் கூடத்துக்குத் தள்ளினார்கள். பதினோரு வருடம். அந்த இடிச்சத்தத்தில் அவன் காது போயிற்று. அப்புறம் அவன் நம் வீட்டுக்கு வரவேயில்லை. "எமெட் மாமா எங்கே?" என்று நீ கேட்டபோதெல்லாம், வேலை ஜாஸ்தி என்றேன்.

அப்பா

டூஸான்
9 ஜூலை

அப்பா,

நீங்கள் சொன்னபடி செய்தேன். முதல் தடவையே வந்துவிட்டது. கோடு அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 15, உங்கள் ஊர்க் கண்காட்சிக்கு எமெட் மாமா வருகிறாராம், கார்ப் படங்களில் கையெழுத்துப் போட. கோடு போட்டவர் பெயரை எழுதிய அட்டை காரில் வேண்டுமென்கிறார் கார்க்காரர். நான் எழுதவில்லை. நீங்கள் மாமாவிடம் சொல்லிவிட்டு எனக்குச் சொல்லுங்கள், அப்புறம் எழுதுகிறேன்.

மார்லா

ஹேஸல் பார்க்
16 ஆகஸ்ட்

மார்லா கண்ணு,

போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் போனேன்.

முப்பது பேர் வரிசை. மடக்கு நாற்காலியில் எமெட், இரண்டு காதிலும் கருவி. என்னைக் கண்டதும் சிரித்தான். "அடடே, வெர்லின்! கண்ணாடி போட்டுட்டியா? நல்லதாப் போச்சு."

பக்கத்திலிருந்தவன் கேட்டான், "ஐயா, நீங்களும் பட்டை ஒட்டினவரா?"

"எங்கூடத்தான் ஒட்டினான்" என்றான் எமெட். "எந்தப் பக்கம்னு அவனே சொல்லட்டும்." காதருகே கையைக் குவித்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தான். "சத்தமாச் சொல்லுடா, எனக்குக் கேக்காது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குனிந்து பார்க்க அங்கே வாளி இல்லை.

"வலப்பக்கம்" என்று கத்தினேன்.

எமெட் காதருகே குவித்த கையை இறக்கினான். பிறகு ஒரு படத்தை எடுத்து எழுதினான்: "வலப்பக்கத்து வெர்லினுக்கு, எமெட்." முழங்கால் எப்படி என்று விசாரித்தான். அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

அட்டையில் என் பெயரை எழுது. என் வாயை நம்பிக் காத்திருக்காதே.

அப்பா

பி.கு.: வரிசையில் நின்ற நேரமெல்லாம் ஒரே சொல்லைத்தான் நாக்கில் புரட்டிக்கொண்டிருந்தேன். இங்கே எழுத முடிகிறது, பார்: இடது.