பட்டியலில் இல்லாத பவர் சப்ளை

ஆவணி 14, புதன்

மகள் செல்வி கேம் விளையாடவென்று ஆசைப்பட்டு வாங்கிய கம்ப்யூட்டர் இன்று மாலை புகைந்து அணைந்துவிட்டது. வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை.

குறைந்த செலவில் நல்ல பாகங்கள் எவை என்று மூன்று வாரம் படித்துப் பட்டியல் போட்டவன் நான்தான். வெளிப்பெட்டியான கேபினெட்டில் மிச்சம் பிடிக்கலாம், மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பவர் சப்ளையில் மட்டும் கூடாது என்று அடிக்கோடிட்டிருந்தேன். ராஜபாளையத்துக் கடைக்காரன் என்னிடம் படித்தவன். நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, மலிவான பவர் சப்ளை ஒன்றைக் காட்டி, "சார், உள்ள கிடக்கப்போற சாமானுக்கு எம்புட்டுத்தான் கொட்டுவீங்க? இதுவே போதும்" என்றான். கடையில் இருந்த அத்தனை பேர் முன்னால் மறுக்க எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டேன்.

"அப்பா, பட்டியல்ல உள்ளதத்தான கேட்டீங்க?" என்றாள் செல்வி.

"ஆமாம்மா."

"அப்ப அவன்தான் மாத்திக் குடுத்துருக்கான். காலையில போறேன். அவன உண்டு இல்லைன்னு ஆக்கிட்டுத்தான் வருவேன்."

அவள் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. இரண்டு முறை வாசல்வரை போய்த் தட்டாமல் திரும்பிவிட்டேன். கடைக்காரன் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான். எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டு அவளிடம் மன்னிப்பும் கேட்பான். அதை நினைத்தால்தான் படுக்க முடியவில்லை.