பட்டனில் இருந்த தீக்குச்சி

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்று போனில் சொல்கிறாய், குரல் சுகமாகத்தான் இருக்கிறது, உடம்பு எப்படி என்று கண்ணால் பார்த்தால்தானே தெரியும். சித்திக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை, உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். போனும் கையுமாக இருக்கிற காலத்தில் இந்த அம்மா எதற்குப் பேனாவை எடுத்தாள் என்று நீ முழிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோய் ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுவேன். இன்டர்நெட்டில் நான் தையல் பற்றி எழுதுகிற அந்த பிளாக்கை மூடிவிடாதே. மாதக் கடைசியில் லீவு வருது, அப்ப எடுத்துடறேன்மா என்று சொன்னாயே, எடுக்காதே, அதில் கையே வைக்காதே. ஏன் என்பதைப் போனில் சொல்ல முடியாது. நீ கூப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமையெல்லாம் உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், பேசுவது இரண்டு வார்த்தை, கேட்பது மொத்தத்தையும். மெசேஜ் அனுப்பலாம் என்றால் டேப்லெட் இரண்டு பேருக்கும் பொது. விஷயமோ அவரைப் பற்றியது. நல்லவேளையாக நம் பல் டாக்டரம்மா மகளைப் பார்க்க உன் ஊருக்கே வருகிறார், அவர் கோட்டைத்தான் இப்போது இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். கோட்டோடு இந்தக் கடிதத்தையும் உனக்கு இரண்டு சட்டையையும் கொடுத்தனுப்புகிறேன்.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் கூப்பிட்டு, சட்டைப் பட்டன் பிய்ஞ்சிடுச்சு, எப்படிம்மா தைக்கறது என்று கேட்டாய். இந்த முன்னறையில் உட்கார்ந்து ஊர்ச் சட்டையெல்லாம் தைக்கிறவளின் பிள்ளைக்கு ஒரு பட்டன் தைக்கத் தெரியவில்லை. நானும் போனில் சொல்லிப் பார்த்தேன், ஊசியை இப்படிக் குத்து, அப்படி எடு என்றால் உனக்கு எப்படி என் கை தெரியும். அப்போது நீதான் சொன்னாய், அம்மா இதையெல்லாம் ஒரு பிளாக்கா எழுதிடேன், நான் வேணும்கறப்ப எடுத்துப் படிச்சுக்கறேன், உலகத்துக்கும் உதவும் என்று. உலகத்தை விடு, நீ படிக்கிறேன் என்றாயே, அதற்காகத்தான் தலையை ஆட்டினேன்.

ஆட்டிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பேர் என்ன வைக்கலாம் என்று நீ கேட்டதும் கிழிஞ்சா தைக்கலாம் என்று வாயில் வந்ததைச் சொன்னேன், நீ சிரித்துவிட்டு அதையே வைத்துவிட்டாய். தையல்காரியின் பக்கத்துக்கு மேலே எதற்குடா ஒரு நீர்வீழ்ச்சிப் படம் என்று கேட்டால், அது தானா வருதும்மா, அப்புறம் மாத்திக்கலாம் என்றாய், இன்றைக்கும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பேன்ட்டின் கால் மடிப்பது எப்படி என்று முதல் பதிவை, பேட்டர்ன் வெட்டுகிற பேப்பரில் எழுதி, அடித்து, திரும்ப எழுதி, பிறகு இரண்டு விரலால் தட்டித் தட்டி ஏற்றினேன். வெளியிடு என்று ஒரு பொத்தான் இருந்ததே, அதை அமுக்கக் கை வரவில்லை. எங்கள் தொழிலில் கத்தரி போட்ட துணி போட்டதுதான், மறுபடி ஒட்டாது. அதனால் அமுக்காமலே வைத்துக்கொண்டு யாராவது படிக்க வருவார்கள் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். நீ தலையில் அடித்துக்கொண்டு, எப்ப வேணா திருத்தலாம்மா, தைரியமா அமுக்கு என்றாய். அமுக்கின அன்றைக்கே எண்பது பேர் பார்த்ததாகக் காட்டியது, எனக்குத் தலைகால் புரியவில்லை, சித்திக்கு, கீழ்வீட்டு பேக்கரிக்காரிக்கு, எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அப்புறம் நீதான், நீ திறந்து திறந்து பார்த்ததெல்லாம் சேர்ந்து எண்பதும்மா என்று காற்றைப் பிடுங்கிவிட்டாய். முதல்முதலாக ஒருவர் வந்து அருமையான பதிவு, உங்களுக்கு முடி கொட்டுகிறதா என்று கேட்டிருந்தார், நானும் மரியாதையாக, நன்றி ஐயா, நெற்றிப் பக்கம் மட்டும் கொட்டுகிறது என்று பதில் போட்டேன். அது எண்ணெய் விளம்பரம் என்று எனக்கு யார் சொன்னார்கள்.

நான் திறந்து பார்ப்பது கணக்கில் சேராமல் இருக்கும்படி நீ ஏதோ மாற்றிக் கொடுத்த பிறகு உண்மை தெரிந்தது. தினமும் ஒன்று. ஒரே ஒரு ஆள். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது, ஏனென்றால் அது நீ என்று நினைத்தேன். என் பிள்ளை வேலைக்கு நடுவில் அம்மா எழுதியதைப் படிக்கிறான் என்று நினைத்து நினைத்து எழுதினேன். பதிவு எதைப் பற்றி இருந்தாலும் கடைசியில் நேரத்துக்குச் சாப்பிடவும் என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன், காலர் திருப்பித் தைப்பதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வேறு யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டுமே. உன் அப்பாவோ கேலி செய்வதோடு சரி. பட்டன் தைக்கறதை எல்லாம் படிச்சா கத்துக்குவாங்க, வேலையத்த வேலை என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அந்த ஆளிடம் நான் எதற்குக் காட்டுவேன், காட்டவே இல்லை.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. பட்டனைப் பற்றி எழுதினேனே, படித்தாயா என்று ஆசையாகக் கேட்டேன். நீ, இன்னும் ஒண்ணுகூடப் படிக்கலைம்மா, நேரமே கிடைக்கல, படிக்கிறேம்மா என்றாய். உன்மேல் கோபம் இல்லை, பொய் சொல்லாமல் சொன்னாயே, அதுவரைக்கும் நல்ல பிள்ளை. ஆனால் கண்ணா, யாரோ முகம் தெரியாத ஆள் தவறிப்போய் வந்துபோகிறதை என் பிள்ளை என்று நினைத்து நேரத்துக்குச் சாப்பிடவும் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று வெட்கமாகப் போய்விட்டது. அதனால்தான் வேண்டாம், எடுத்துவிடு என்றேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இப்போது சொல்கிறேன். நீ போன பிறகு இந்த வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. நாள் முழுக்க நான் பேசுவது ஊசியோடு, அவர் பேசுவது ஸ்டியரிங்கோடு. பஸ்ஸின் இரைச்சலிலிருந்து வீட்டுக்கு வந்தால் அவருக்கு அமைதி வேண்டும், எனக்கோ அப்போதுதான் வாய் திறக்கும். சண்டை ஒன்றும் இல்லை, பயப்படாதே, இரண்டு பேருக்கும் நடுவில் நீ இருந்த இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது, அவ்வளவுதான். அந்த பிளாக்கில் எழுதும்போது மட்டும் யாரோ ம், அப்புறம் என்று கேட்பது மாதிரி இருக்கும். அதுவும் போச்சு என்று நினைத்தேன். நாம் பேசியதையெல்லாம் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை துணி துவைக்க எடுத்தேன். அவருடைய யூனிஃபார்ம் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன் மேல் ஏதோ நெருடியது. வெளிச்சத்தில் பார்த்தால், ஒரு தீக்குச்சி! மருந்துப் பக்கத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு, பட்டன் அளவுக்கு ஒடித்து, அதன் மேலேயே நூலைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு இறுக்கித் தைத்திருந்தது. இதென்ன கூத்து என்று சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உனக்குப் புரிந்திருக்காது, நீதான் படிக்கவில்லையே. பட்டன் துணியோடு ஒட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் தளர்ச்சி இருக்க வேண்டும், அதற்காகப் பட்டனின் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து அதன் மேலே நூல் போடுவோம், முடிந்ததும் குச்சியை உருவிவிட்டு, கிடைத்த தளர்ச்சியில் பட்டனுக்கு அடியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவோம். நான் தீக்குச்சியை வைக்கவும் என்று எழுதியிருக்கிறேன், மேலே தைக்கவும் என்று எழுதியிருக்கிறேன். உருவவும் என்று எழுத மறந்துவிட்டேன். என் கைக்குத் தெரிந்தது, அதனால் விரலுக்குத் தோன்றவில்லை. இந்த உலகத்தில் அப்படிப் பட்டன் தைக்கிற ஒரே ஆள் என் பதிவைப் படித்த ஆளாகத்தான் இருக்க முடியும்.

அப்புறம் ஒவ்வொன்றாக உறைத்தது. கொஞ்ச நாளாக அவருடைய சாப்பாட்டு டப்பா காலியாக வருகிறது, முன்பெல்லாம் ஓட்டத்தில் நேரம் இல்லை என்று பாதியைத் திருப்பிக் கொண்டுவருவார். மத்தியானம் கடைசி நிறுத்தத்தில் அவர் வண்டி நிற்கிற நேரத்தில்தான் பிளாக்கில் தினம் காட்டுகிற அந்த ஒன்றும் விழுகிறது. அடேயப்பா, என்ன அழுத்தக்காரர் பார். பேப்பருக்குப் பின்னால் கேலி, பஸ்ஸுக்குள் உட்கார்ந்து தன் போனில் பாடம்! சட்டையைத் தூக்கி என் மேல் போட்டிருந்தால் ஒரு நொடியில் தைத்துக் கொடுத்திருப்பேனே, எழுதினது சரியாக வருகிறதா என்று பார்த்தாரோ, இல்லை அன்றைக்குப் போனில் கேட்டதற்கு இதுதான் அவர் பதிலோ. இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. என்ஜின் பிரித்துப் பூட்டத் தெரிந்த மனுஷன், குச்சியை விட்டது தெரியாமல் விட்டாரா, எனக்குத் தெரியட்டும் என்றே விட்டாரா? நான் ஒன்றும் கேட்கவில்லை. குச்சியையும் எடுக்கவில்லை. அப்படியே துவைத்து, இஸ்திரி போடும்போது அதைச் சுற்றிப் போட்டு, மடித்து வைத்தேன். அவரும் மறுநாள் அதையே மாட்டிக்கொண்டு போனார், அந்தப் பட்டனைத் துளையில் நுழைக்க மட்டும் கொஞ்சம் மூச்சுப் பிடித்தார்.

எனக்குக் குறும்பு வந்துவிட்டது. அன்றைக்கே ஒரு பதிவு போட்டேன், பட்டன் தைத்தவர்கள் தீக்குச்சியை உருவிவிட்டுப் பட்டனுக்கு அடியில் நூலைச் சுற்றிக்கொள்ளவும், எழுதத் தவறியதற்கு மன்னிக்கவும் என்று. மறுநாள் சட்டையில் குச்சி இல்லை. நூலை உலகத்துக்கே போதுமான அளவு சுற்றியிருந்தார். அடுத்தது என்ன எழுதினேன் தெரியுமா, ஊசியில் நூல் கோர்ப்பது எப்படி. தூரத்து நிறுத்தத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரிந்தும் கிட்டே இருப்பதைக் கையை நீட்டி நீட்டிப் பார்க்கிறவர்கள், ஊசியைத் திட்டாமல் கண்ணாடிக் கடைக்குப் போகவும் என்று போட்டேன். எத்தனை மாதமாக நானும் நீயும் கெஞ்சினோம், எனக்கு என்ன வயசாயிடுச்சா என்று முறைத்துக்கொண்டிருந்தாரே. சனிக்கிழமை சட்டைப் பையில் கண்ணாடியோடு வந்து நிற்கிறார்! கேட்டால், டெப்போவுல எல்லாரையும் போடச் சொல்லிட்டாங்க என்று ஒரு பொய். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, நல்லதுதான் என்றேன். கண்ணாடி அவருக்கு நன்றாகவே இருக்கிறது, நீ சொல்லாதே, தலைக்கு ஏறிவிடும்.

இதோ பார், இதுவரைக்கும் எழுதியபோது அவர் வந்துவிட்டார், கடிதத்தை டாக்டரம்மா கோட்டுக்கு அடியில் ஒளித்துவிட்டு இப்போதுதான் மறுபடி எடுக்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருந்தால் படித்துக்கொள். வழக்கமாக முன்னறையில் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார், நூலும் துண்டுத் துணியும் காலில் ஒட்டும் என்பார். இன்றைக்கு வாசலில் நின்றுகொண்டு தன் தோள்பையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜிப் போயிடுச்சு என்றார். குடுங்க, மாத்தித் தரேன் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. ஜிப்பைப் பத்தி எப்ப எழுதுவே என்றார். நான் அவரைப் பார்க்கிறேன், அவர் ஜிப்பையே பார்க்கிறார். அப்புறம் மெதுவாக, அவன்கிட்ட மூடச் சொன்னியே, மூடிட்டானா என்று கேட்டார். இல்லை, வேண்டாம்னு சொல்லப் போறேன் என்றேன். ம் என்றார். நாற்காலியில் கிடந்த துணியையெல்லாம் அள்ளிக் கீழே போட்டேன், பையை என் மடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார் கண்ணா. முதல் பதிவுல உன் கால் கட்டைவிரல் போட்டோவுல விழுந்திருக்கு என்றார், அந்த எண்ணெய்க்காரனுக்கு நீ ஏன் பதில் போட்டே என்றார், அந்த நீர்வீழ்ச்சி எதுக்கு என்றார். ஒன்று விடாமல் எல்லாம் படித்திருக்கிறார். நான் அழுதேன், ஜிப்பின் மேல் குனிந்துகொண்டு அழுதேன், அவர் பார்க்காத மாதிரி இருந்தார், பார்த்தார்.

ஆகவே இதை ரகசியம் என்று சொல்ல இனி ஒன்றும் இல்லை, ஆனாலும் நீ ஸ்பீக்கரில் எதையும் உளறி வைக்காதே, கூச்சப்பட்டு மறுபடி பேப்பருக்குப் பின்னால் போய்விடுவார். நீ படிக்கவில்லையே என்று வருத்தப்படாதே, நேரம் கிடைக்கும்போது படி, கிடைக்காவிட்டால் போகட்டும், எழுதுவதற்கு எனக்கு ஆள் இருக்கிறது. நீ நல்ல உடம்போடு, நல்ல மனுஷர்களுக்கு நடுவில், சிரித்த முகமாக நீண்ட காலம் இருக்க வேண்டும், உன் கை எடுத்த காரியம் எல்லாம் நன்றாக முடிய வேண்டும், அது ஒன்றைத்தான் அம்மா நாள் முழுக்க நினைக்கிறேன். பிளாக்கை மூடாதே. நீர்வீழ்ச்சியை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தீக்குச்சிப் படம் போட முடியுமா என்று பார். அனுப்பும் சட்டைகளில் நீலத்துக்கு ஒரு பட்டனை வேண்டுமென்றே தைக்காமல் விட்டிருக்கிறேன், பையில் பட்டன், ஊசி, நூல் எல்லாம் இருக்கின்றன. எப்படித் தைப்பது என்று என்னைக் கேட்காதே, ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவைக் கேள்.

நேரத்துக்குச் சாப்பிடவும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா