ஆறாம் கேள்விக்கு நான் எழுதிய பதில்

அனுப்புநர்:
பத்தாம் வகுப்பு மாணவி
(பெயரும் பள்ளி முகவரியும் உறைக்குள் தனித்தாளில் உள்ளன. இம்மனு பலர் மேசையைக் கடந்து வரும் என்பதால் இவ்வாறு செய்துள்ளேன்.)

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
நகர சுகாதார நிலையம்.

பொருள்: திருமணத்துக்கு முந்தைய இனப்பெருக்க நல ஆலோசனை – என் அக்காவின் படிவத்திலுள்ள தவறான பதிலை நீக்கி, அவளைத் தனியே அழைத்துப் பேசக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அக்காவுக்குத் திருமணம் நிச்சயமாகியுள்ளது. ஆலோசனைச் சான்று இருந்தால்தான் திருமணத்தைப் பதிவு செய்ய முடியும் என்பதால், சென்ற வியாழக்கிழமை தங்கள் நிலையத்தின் நான்காம் எண் அறைக்கு வந்தோம். இருவர் வரவேண்டிய இடத்துக்கு ஆறு பேர் வந்திருந்தோம். எனக்கு நாற்காலி இல்லாததால் எடை பார்க்கும் கருவியின்மேல் உட்கார்ந்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று வீட்டில் எந்தப் படிவத்தையும் என்னிடம்தான் தருவார்கள். அன்றும் தந்தார்கள்.

2. ஆறாம் கேள்வி, தொடர்ந்து மருந்து உட்கொள்கிறீர்களா என்பது. ஆலோசகர் அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னவர் என் அம்மா.

"தலைவலின்னு ஒரு மாத்திரை போட்டதில்லைங்க எம் பொண்ணு."

உடனே மாப்பிள்ளையின் அம்மா, தன் மகன்தான் ஒரு தும்மல் வந்தாலே மருந்துக்கடைக்கு ஓடுவான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவள் மடியிலிருந்த கைப்பைக்குள் மாத்திரை அட்டை இருந்தது எனக்குத் தெரியும். நான் "இல்லை" என்று எழுதினேன்.

3. அக்காவுக்குப் பதினாறு வயதிலிருந்து வலிப்பு நோய். தினமும் இருவேளை மாத்திரை. மூன்று வருடமாக ஒருமுறைகூட வரவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு இது தெரியாது. அம்மாவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. இதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் உண்மையைச் சொன்ன மறுநாளே தட்டிப்போயின.

4. கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பது என் வழக்கம். மாத்திரைப் பெட்டியிலிருந்த தாளையும் படித்தேன். இம்மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கலாம், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைக் கேட்கவும் என்று ஒரு வரி. மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவது ஆபத்து என்று அதன்கீழேயே இன்னொரு வரி. புகுந்த வீட்டில் யாராவது பார்த்துவிட்டால் வம்பு, கல்யாணத்துக்கு முதல்நாளோடு நிறுத்திவிடு என்கிறார் அம்மா. அக்காவால் மாத்திரையைத் தொடரவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. இதைக் கேட்பதற்கென்றே இருக்கும் அறையிலிருந்து பதினொரு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

5. நேற்று பள்ளி விட்டதும் நான் மட்டும் வந்து விசாரித்தேன். "சீல் போட்டாச்சும்மா. மறுபடி பாக்கணும்னா ரெண்டு பேரும் சேர்ந்து வரணும்" என்றார் எழுத்தர். விதி அவர் எழுதியது அல்ல. ஆனால் சேர்ந்து வந்ததால்தான் அக்கா வாய் திறக்கவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

6. மாப்பிள்ளையிடம் மறைக்க அக்கா விரும்பவில்லை. "நானே சொல்றேன்டி. குழந்தை பொறக்குமான்னு அவர் கேட்டா என்ன சொல்றது? அது தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன்" என்றாள்.

ஆகவே, அந்தப் படிவத்தை ரத்து செய்து, அக்காவை மட்டும் அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசுமாறு வேண்டுகிறேன். வரும் வெள்ளி மாலை நான்கு மணிக்குத் தையற்கடைக்குப் போக அவளை என்னோடு அனுப்புவார்கள். கடை தங்கள் நிலையத்துக்கு எதிரில்தான். அரைமணி நேரம் கிடைக்கும். அதன்பின் அவள் தனியாக வெளியே வர வழியில்லை. பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். பள்ளி நூலகர் பெயருக்கு அனுப்பினால் என் கைக்கு வந்து சேரும். திருமணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாட்களே உள்ளன.

இடம்: பள்ளி நூலகம்
நாள்: ஆகஸ்ட் 6, செவ்வாய்

இப்படிக்கு,
படிவத்தைப் பிழையாக நிரப்பிய தங்கை
(கையொப்பம்)

பின்குறிப்பு: மனுவை அக்காவிடம் காட்டினேன். கீழே உள்ளது அவள் கையெழுத்து.

ஆறாம் கேள்விக்கு என் பதில்: ஆம்.
(கையொப்பம்)