மண்டோர் வீட்டுப் பொங்கல்

1956 அக்டோபர் 9

மழை. பள்ளிக்கூடத் தகரம் மூன்று இடத்தில் ஒழுகியது. எல்லா வகுப்பையும் ஒரு மூலையில் சேர்த்து உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லவைத்தேன். தொண்டை போய்விட்டது.

மத்தியானம் பொதுச் சமையல் கூடத்தில் சோறு வாங்க நின்றேன். வீட்டில் அரிசி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்து நாலு மாதம் ஆகப்போகிறது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு நம் கையிலிருந்து ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாதாம். அதற்காக ரப்பர் தோட்டம் முழுவதுக்கும் ஒரே அண்டாவில் பொங்கி, தலைக்கு இவ்வளவு என்று அளந்து போடுகிறார்கள். வெந்த சோறு மறுநாள் ஊசிப்போகும், ஒளித்துவைக்க முடியாது. யோசித்தவன் கெட்டிக்காரன்தான். குழம்பு மட்டும் அவரவர் வீட்டில்.

அண்டாவுக்குப் பொறுப்பு மங்கம்மா. கீழ் லயத்துக்காரி. நாங்கள் மேல் லயம், மேட்டு வரிசை வீடுகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய்தான். ஆனால் நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அந்தப் பக்கத்து வீட்டில் இவர் ஒரு வாய் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

இவர் தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர். பொதுச் சோற்றைத் தொடுவதில்லை. மரவள்ளிக்கிழங்கு, ரொட்டி, மறுபடி மரவள்ளிக்கிழங்கு. கேட்டால் "வயித்துக்கு ஒத்துக்கல" என்கிறார். அண்டாவைக் கிண்டியது யார் என்று வயிற்றுக்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 14

முள்வேலிக் கேட்டுக்கு வெளியே மதார் மைதீன் பாய் கடையில் பேப்பர் பார்க்கப் போனேன். பால் டின்னில் ஆணி வைத்து ஓட்டை போட்டுக் கொடுத்தார். அதுவும் சட்டம்தான், முழு டின் காட்டுக்குப் போய்விடுமாம்.

"என்னா டீச்சர், முருகையா மண்டோர் ஊருக்குப் போறாராமே? கப்பல் டிக்கெட் என்னா வெலன்னு கேட்டுட்டுப் போனாரு."

கட்டின புருஷன் நாட்டை விட்டுப் போவதைக் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டியிருக்கிறது. சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஆமா. அடுத்த வருசம் சுதந்திரம்னு பேசிக்கிறாங்க. வெள்ளைக்காரன் போயிட்டா நம்மள எவன் கேப்பான்? அண்ணன் தொறையூர்ல நெலம் பிரிச்சு வச்சிருக்கு. பொங்கல் முடியட்டும், மூணு பேரும் கெளம்பிரலாம்."

மூன்று பேர் என்றால் இவர், நான், எங்கள் மகள் ரஞ்சிதம். நான் இந்த மலாயாவில், லாபுவில் பிறந்தவள். துறையூரைக் கடிதத்தின் மேல் முத்திரையாகத்தான் பார்த்திருக்கிறேன். என் பள்ளிக்கூடம் இங்கே. அம்மாவைப் புதைத்த இடம் இங்கே. நான் போகமாட்டேன் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் வீம்புக்கே டிக்கெட் எடுத்துவிடுவார்.

அக்டோபர் 20

இன்றைக்கு உண்மை வெளியே வந்தது. கிழங்கு வேகாமல் இருந்த கோபத்தில் சொன்னார்: "சொந்த வாசல்ல சொந்தப் பானை வைக்க முடியாத ஊரு என்னா ஊருலா?"

ஆக, சுதந்திரமும் இல்லை, வெள்ளைக்காரனும் இல்லை. பானை.

நவம்பர் 4

சூயஸ் கால்வாயில் சண்டை. குண்டு போடுகிறார்கள் என்று பேப்பரில் பெரிய எழுத்து. சாமான் விலை ஏறும் என்று பாய் இப்போதே சீனிக்கு விலை ஏற்றிவிட்டார். இவருக்கு ஒரே கவலை, கப்பல் ஓடுமா ஓடாதா என்று. பள்ளிக்கூடத்து உலகப் படத்தைக் கொண்டுவந்து விரித்து, நாகப்பட்டினத்துக்குப் போகிற வழியில் சூயஸ் வராது என்று காட்டினேன்.

நவம்பர் 5

கப்பலுக்கு நானே வழி காட்டியிருக்கிறேன். எனக்கு அறிவு இருக்கிறதா?

டிசம்பர் 2

ஆபீஸ் அறிவிப்பு. பொங்கலுக்குச் சமையல் கூட முற்றத்தில் தோட்டத்துக்கே ஒரே பானை வைக்கலாம். அரிசியை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அளந்து கொடுப்பார். மாத்தாக்கள், அதாவது போலீஸ்காரர்கள், காவலுக்கு நிற்பார்கள். கிண்டப்போவது மங்கம்மா.

சாயங்காலம் மேல் லயத்து ஆண்கள் எங்கள் வீட்டு வாசலில் கூடினார்கள். ஆளை மாற்றவேண்டும் என்று துரையிடம் சொல்ல முடிவு. இவர்தான் தலைமை. நான் உள்ளே கட்டுரை நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் மார்க் குறைந்துபோனது.

டிசம்பர் 4

மங்கம்மா காதுக்கும் போய்விட்டது. வரிசையில் என்னைப் பார்த்ததும் அவளாகவே சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். யாரு வேணா கிண்டட்டும். விடியறதுக்கு முன்னால எந்திரிச்சுப் பொகையில நிக்கணும். வர்றவங்கள அனுப்பிவிடுங்க."

மேல் லயத்திலிருந்து ஒருத்தரும் போகவில்லை. புகை யாருக்கு வேண்டும்?

டிசம்பர் 23

இவருக்குத் திடீரென்று அக்காள் மேல் பாசம். ஞாயிறானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெமியாங் போய்விடுகிறார். அங்கே டவுன், அரிசிக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. வயிறாரச் சோறு சாப்பிட்டுவிட்டு வரட்டும், பாவம். மனுஷன் இளைத்துத்தான் போனார்.

1957 ஜனவரி 10

எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டுக் கிழித்துப்போடுகிறேன்.

பால்மரம் சீவப் போகும் வீரமுத்து சைக்கிளுக்குக் காற்றடிக்கப் பம்பு கேட்டு வந்தான். எடுத்தேன், கனத்தது. உள்ளே ஏதோ சரசரவென்று ஓடியது. வாசலில் அவன் நிற்கிறான். "பம்பு கெட்டுப்போச்சுப்பா" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி, பிடியைத் திருகினேன். அரிசி. பச்சரிசி.

கேட்டில் மண்டோர் என்று இவரை அவ்வளவாகத் தடவிப் பார்ப்பதில்லை. ஞாயிறுதோறும் அக்காள் பாசம் பம்பில் வந்திருக்கிறது. வீட்டைப் புரட்டினேன். மீதி இவர் தலையணைக்குள். ஒரு படி இருக்கும். அதன் மேல் தலையை வைத்துத் தூங்கியிருக்கிறார்!

போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் இதில் பாதி வைத்திருந்தவனை லாரியில் ஏற்றினார்கள். இன்னும் திரும்பவில்லை. காட்டுக்காரனுக்கு இல்லை, என் பொங்கலுக்கு என்றால் எவன் நம்புவான்?

வந்ததும் கேட்டேன். "கதவச் சாத்திக்கிட்டு ஒரு சின்னப் பான. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

கதவைச் சாத்திக்கிட்டுப் பொங்கலா! சூரியனுக்குச் சாவித் துவாரம் வழியா காட்டுவீங்களா? உங்க வீம்புக்கு என் பிள்ளை அப்பன் இல்லாம நிக்கணுமா? — இதையெல்லாம் நேரிலேயே கத்தினேன். வெளியே கேட்கக் கூடாது என்பதால் மெதுவாகக் கத்தினேன். அதற்குத் தனித் தெம்பு வேண்டும்.

"நீ படிச்சவ. பேசுவ" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தத் தலையணையிலேயே.

ஜனவரி 14. பொங்கல்

இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஊரடங்கு முடிந்ததும் ரஞ்சிதத்தோடு சமையல் கூட முற்றத்துக்குப் போனேன். ஆளை மாற்றுவதற்குத் துரை ஒப்பவில்லை. மங்கம்மா பெரிய பானை ஏற்றியிருந்தாள். மேல் லயத்துப் பெண்கள் பாதிப் பேர்தான் வந்து தள்ளி நின்றார்கள். இவர் வரவில்லை. குளிக்க வெந்நீர் வைக்கிறேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். எனக்குத் தெரியாதா என்ன வெந்நீர் என்று.

பால் பொங்குகிற நேரத்தில் கேட்டில் லாரிச் சத்தம். பட்டாளத்தார். திடீர்ச் சோதனை, கீழ் லயத்திலிருந்து ஆரம்பித்தார்கள். மேலே வர அதிக நேரம் ஆகாது.

ரஞ்சிதத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். ஓடவில்லை, ஓடினால் பார்ப்பார்கள். உள்ளே இவர் அடுப்பு மூட்டி, பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, அரிசியை முறத்தில் கொட்டிவைத்திருந்தார். அப்படியே முந்தானையில் அள்ளி முடிந்துகொண்டு திரும்பினேன். "ஏய், ஏய்" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

முற்றத்தில் பெண்கள் ஒவ்வொருவராகப் பானையைச் சுற்றி, மங்கம்மா கொடுத்த ஒரு பிடி அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாத்தா பார்த்துக்கொண்டு நின்றான். நானும் சுற்றினேன். பானைக்கு நேராகக் குனிந்து முந்தானையை அவிழ்த்தேன். ஒரு படியும் உள்ளே போய்விட்டது. தளும்பி அடுப்பில் வழிந்தது. பொங்கலோ பொங்கல் என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

மங்கம்மா என்னைப் பார்த்தாள். அகப்பையை விட்டு ஒரே கிளறு, மேலே மிதந்ததெல்லாம் அடியில் போய்விட்டது. "டீச்சருக்குக் கை கொஞ்சம் பெருசு" என்றாள். மாத்தாவுக்குத் தமிழ் தெரியாது.

எங்கள் வீட்டில் நடந்ததைப் பிறகு இவரே சொன்னார். பட்டாளத்தார் பானையைத் திறந்தார்கள், தண்ணீர். என்ன இது என்று கேட்டதற்குக் குளிக்க என்றாராம். மஞ்சள் கொத்துக் கட்டிய குளிக்கிற தண்ணீரைப் பட்டாளத்து மலாய்க்காரப் பையன் அதற்குமுன் பார்த்திருக்கமாட்டான். சிரித்துவிட்டுப் போனானாம்.

இலையில் பொங்கல் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். "உங்க அக்கா வீட்டு அரிசி."

"எந்தப் பானையில வச்ச?"

"ஊர்ல இருக்கறது ஒரு பானைதான்."

இலையைக் கொஞ்சம் தள்ளினார். "மங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லியிருந்தா நீங்க இந்நேரம் லாரியில."

சாப்பிட்டார். கண் கலங்கியிருந்தது, அடுப்புப் புகை என்றார். அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

ஜனவரி 21

இவரே வரிசையில் நின்று சோறு வாங்கிவந்தார். "வேற வழி?" என்றார். வழி இருந்தது, கிழங்கு.

பிப்ரவரி 24

அரசியல் சட்டத்துக்கான அறிக்கை வந்துவிட்டது. பாய் கடையில் ஒருத்தர் வாசிக்க பத்துப் பேர் கேட்டார்கள். யாருக்குக் குடியுரிமை, என்ன மொழி என்று எல்லாரும் சண்டை. வீட்டுக்கு வந்து நான் மனுப் போடப்போகிறேன் என்றேன். இவர், "ஒன் இஷ்டம். நான் யோசிக்கணும்" என்றார். டிக்கெட் பேச்சை எடுக்கவில்லை, விட்டுவிடவும் இல்லை. அண்ணனுக்குக் கடிதம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 31

மெர்டேக்கா, சுதந்திரம். ஆபீஸ் முன்னால் புதுக் கொடி. இரண்டு லயத்துப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் நிற்கவைத்துப் பாடவைத்தேன். ரேடியோவில் கூட்டம் கத்துகிற சத்தம் கேட்டு எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியாது. முள்வேலி அப்படியேதான் இருக்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டில் இவர்: "தை கழியட்டும். அண்ணனுக்குப் பதில் சொல்லியாவணும்." பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

டிசம்பர் 8

நம் வட்டாரத்தில் அரிசித் தடையை எடுத்துவிட்டார்கள். சமையல் கூடத்தைப் பூட்டியாயிற்று. மங்கம்மா பழையபடி பால்மரத்துக்குப் போகிறாள். வீட்டுக்கு வீடு புகைகிறது. குழாய்க்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். ஒரே நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, எவ்வளவு சுலபம்!

1958 ஜனவரி 14

எங்கள் வாசலில் எங்கள் பானை. இவர் கேட்டபடியே. திறந்த வாசல், கரும்பு, மஞ்சள், புதுப்பானை. சூரியனுக்கு நேராகவே காட்டினோம். சந்தோஷமாக உட்கார்ந்து முதல் வாய் வைத்தார். மென்றார்.

"என்னமோ கொறையுது."

"என்ன குறையுது?"

"போன வருசம் அது கை வேற மாதிரி இருந்துச்சு." பெயர் சொல்லவில்லை. கிண்ணம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "கொஞ்சம் வாங்கிட்டு வர்றியா?"

"வேணும்னா நீங்க போய்க் கேளுங்க."

முறைத்தார். நான் பானையைக் கழுவ எழுந்தேன். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை, கிண்ணமும் இல்லை.

மேல் லயம் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. இவர் குழாயடியில் நின்றார். போன மனுஷன் திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு தாண்டிப் போனார். மங்கம்மா வாசலுக்கு வந்தாள். என்ன பேசினார்கள் என்று இவ்வளவு தூரத்தில் கேட்கவில்லை. அவள் சிரித்தது மட்டும் கேட்டது.

திரும்பி வந்தபோது கிண்ணத்தில் பாதிதான் இருந்தது.

"வழியிலேயே தின்னுட்டீங்களா? அத்தன பேரு பாக்க?"

"சூடா இருந்துச்சு." விரலை நக்கிக்கொண்டே உட்கார்ந்தார். "வெல்லம்தான் கொஞ்சம் கம்மி. அடுத்த வருசம் கூடப் போடச் சொல்லணும்."

அடுத்த வருஷம் என்றார். நான் கேட்காத மாதிரி பானையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.