கீயைப் பாருடி, விழுப்புரம்

திண்டிவனம்,

பேத்தி வாங்கிக் கொடுத்த இயர்போனைப் போன வாரம்தான் முதல் தடவையாகக் காதில் மாட்டினேன். இடது காதில் உட்கார்ந்தது, வலது காதில் நிற்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பத்து வருஷம் ஹெட்செட் அழுத்திய காது அது. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இனிமேல் கேட்டுக்கொள்ள முடியாது. விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே போனில் ஒரு படம் பார்த்தேன். எந்தப் படம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் இங்கிலீஷ் உளவாளி மழைக்கோட்டுக்காரனின் ஐந்தாவது படம்.

நீ போய் நான்கு வருஷமாகிறது. பென்ஷன்காரர்கள் கூட்டத்தில் யாரோ சொல்லி, அதுவும் மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. "அப்படியா" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த காப்பியை முழுசாகக் குடித்தேன். அந்த அளவுக்கு உன் மேல் கோபம் வைத்திருந்தேன்.

முதலில் அந்தப் படத்தின் இன்றைய கதையைச் சொல்கிறேன். பழைய உளவாளிப் படங்களைப் பிடித்தவர்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். என் மகன் என்னையும் அதில் சேர்த்துவிட்டான். மழைக்கோட்டுக்காரன் படங்கள் மொத்தம் பதினொன்றாம். நாம் பார்த்தது ஐந்தோ ஆறோ. அந்தக் காலத்தில் ஐந்தாவதை எல்லோரும் காறித் துப்பினார்கள், ஞாபகம் இருக்கிறதா? சண்டை இல்லை, கார் துரத்தல் இல்லை, ஆள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறவர்களையெல்லாம் சந்தேகப்படுகிறான் என்றார்கள். இப்போது அதே ஆட்கள் இந்த வரிசையிலேயே இதுதான் உயர்ந்த படம் என்கிறார்கள். சந்தேகம்தான் படமே என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதுகிறார். எனக்கு இது ஒப்பவில்லை. நாற்பது வருஷம் திட்டியவர்கள் நாலு மாதத்தில் கும்பிடு போட்டால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் என் புத்தி போகும். என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா? தராசை மாற்றி மாற்றி நிறுத்தால்கூட மண்டிக்காரனை நம்பாதவள் நான்.

ஒருவரை ஒருவர் ஊர்ப் பெயரால் கூப்பிடுவது நம் டெலிபோன் போர்டுகளின் வழக்கம். நீ எனக்குத் திண்டிவனம், நான் உனக்கு விழுப்புரம். சொந்தப் பெயர் தெரிந்த பிறகும் அதை நாம் தொட்டதே இல்லை. நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ பெருமுக்கல்லுக்கு வரச் சொன்னாய். குரலை வைத்து உன்னை ஒல்லியாக, உயரமாக நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு முன்னால் குட்டையாக, குண்டாக நின்றாய். மலை ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டே நான்காவது படத்தின் கதையை முழுசாகச் சொன்னாய். கோயில் நிழலில் உட்கார்ந்து கேப்பை அடையும் வேகவைத்த வேர்க்கடலையும், அதான் நம் பக்கத்து மல்லாட்டை, தின்றோம். நமக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும். மீதியை நீ போட்டு நிரப்புவாய். அப்போதே எனக்கு ஒரு சந்தேகம், எது படத்தில் இருப்பது, எது நீ சேர்த்தது என்று.

போர்டில் ஒவ்வொரு ஜோடி ஒயருக்கும் முன்னால் ஒரு கீ உண்டே. அதை முன்னால் தள்ளினால் பேசுகிறவர்களோடு நாமும் பேசலாம், பின்னால் எடுத்துவிட்டால் அவர்கள் பேச்சு அவர்களோடு. எடுக்க மறந்தால் நாம் பக்கத்தில் பேசுவதெல்லாம் அவர்கள் காதில் விழும். எனக்கு அந்த மறதி அதிகம். எத்தனையோ தடவை உன்னிடம் புடவை விலை பேசிக்கொண்டிருந்ததை ஏதோ ஒரு வக்கீலும் கேட்டிருக்கிறார். அதனால் நான் எதையாவது ஆரம்பித்தாலே நீ சொல்லுவாய், "மொதல்ல கீயைப் பாருடி, விழுப்புரம்." எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

எண்பதுகளின் நடுவில், ஒரு கோடையில் ஐந்தாவது படம் விழுப்புரத்துக்கு வந்தது. ஞாயிறு காலைக் காட்சி மட்டும். எங்கள் போர்டிலிருந்து மூன்று பேர் போனோம். அந்தப் படத்தில் உளவாளி ஆபீசில் நம்மைப் போலவே ஹெட்செட் மாட்டிய ஒருத்தி வருகிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் வேலையைப் பார்க்கிற ஒருத்தியைத் திரையில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆனால் நடந்தது என்ன? மழைக்கோட்டுக்காரன் போகிற இடமெல்லாம் எதிராளி முந்திக்கொள்கிறான். யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்து, கடைசியில் லைன் கொடுக்கிற அவளையே பிடிக்கிறான். அடுத்த காட்சியில் அவள் பெட்டியோடு ரயிலில் போகிறாள், அவன் மழையில் தனியாக நிற்கிறான், படம் முடிந்துவிட்டது. தியேட்டரே ஊளையிட்டது. போர்டில் உட்காருகிறவள்தான் துரோகி என்று முடித்துவிட்டானே என்று மறுநாள் உன்னிடம் புலம்பினேன். படம் உங்கள் ஊருக்கு வந்ததும் பார்க்கிறேன் என்றாய்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. அனந்தபுரத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த என் தாய்மாமன் தன் மகனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குத் தெரியாமல் மெட்ராசுக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருந்தேன். அங்கே வெளிநாட்டு கால்கள் போகிற பெரிய போர்டில் உட்கார வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை. லண்டன், சிங்கப்பூர் என்று கூப்பிட வேண்டும். அந்த ரகசியத்தை நான் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன், உன்னிடம். அன்று போர்டில் ஏக நெரிசல். மாமன் மண்டியிலிருந்து கோலியனூருக்கு ஒரு கால் கேட்டிருந்தார்கள். அதைச் செருகிவிட்டு, மணி அடிக்கிற நேரத்தில் உன் லைனுக்குத் திரும்பி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். நடுவில் நீ, "யாரோ இருமுறாங்கடி, கீயைப் பாரு" என்றாய். பக்கத்து போர்டுக்காரிதான் என்று தள்ளிவிட்டேன். கோலியனூர் எடுத்தபோது அனந்தபுரம் போனை வைத்துவிட்டிருந்தது. இப்படி அறுந்து போகிற கால் தினமும் பத்து இருக்கும்.

மூன்றாம் நாள் மாமன் ஒரு மூட்டை மல்லாட்டையோடு வீட்டுக்கு வந்து நின்றார். மெட்ராஸ் விஷயம் அவர் வாயிலிருந்தே வந்தது. அப்பா பக்கத்தில் நின்று, மாற்றல் வேண்டாம் என்று என் கையாலேயே எழுத வைத்தார். ஆவணியில் மாமன் மகனோடு கல்யாணம். யார் சொன்னது என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? தெரிந்தவள் நீ ஒருத்திதானே. உனக்குச் செஞ்சிப் பக்கம் உறவுக்காரர்கள் உண்டு, அனந்தபுரம் சந்தைக்கு அவர்கள் போகாமலா இருப்பார்கள் என்று நானே வழியும் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு நீ லைனில் வந்தால் நான் "நம்பர்?" என்று மட்டும் கேட்டேன். இன்னாடி ஆச்சு, இன்னாடி ஆச்சு என்று ஒரு வாரம் கேட்டாய். சொல்லவில்லை. பிறகு ஒரு மத்தியானம் படம் பார்த்துவிட்டு வந்து படபடவென்று சொன்னாய்.

"விழுப்புரம், அவ இல்லடி. அவன் கோட்டுப் பொத்தான்லதான் மைக்கு இருக்குது. அவன் வாயாலயே சொல்லிக்கினு திரிஞ்சிருக்கான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. நான் கண்ணால் பார்த்த படம். அதில் பொத்தானும் இல்லை, மைக்கும் இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக, நான் குற்றமே சாட்டாதபோது நீயாக ஒரு காட்சியைத் தைத்து எடுத்துக்கொண்டு வந்து வக்காலத்து வாங்குகிறாய் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு துணிந்து படத்தில் பொய் சொல்கிறவள் எதில்தான் சொல்லமாட்டாள்? அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது.

"போர்டுல உக்கார்றவள நம்பக்கூடாதுன்னு அவன் சரியாத்தான் எடுத்திருக்கான்" என்றேன்.

லைனில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது, நேரில் வருகிறேன் என்றாய். வந்தாய். பஸ் ஏறி, வெயிலில், எக்ஸ்சேஞ்ச் வாசல் வரை வந்தாய். நான் உள்ளே உட்கார்ந்துகொண்டே லீவு என்று சொல்லச் சொன்னேன். ஜன்னல் வழியாக நீ குடையை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அரை மணி நேரம் நின்றிருப்பாய்.

பிறகு ஜனங்களே நேராக நம்பரைச் சுழற்றிப் பேசுகிற காலம் வந்து, நம் போர்டை மூடினார்கள். கடைசி நாள் மத்தியானம் போர்டில் உன் ஊர் விளக்கு எரிந்தது. "விழுப்புரம், லைன்ல இருக்கியா?" என்றாய். நான், "நம்பர்?" என்றேன். நம்பர் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாய். நமக்குள் பேச்சு அதோடு முடிந்தது.

போன வாரத்துக்கு வருகிறேன். அந்தக் குழுவில் ஒருவர் நம் பக்கத்துத் தியேட்டர்களில் ரீல் ஓட்டியவராம். அவர் எழுதியிருந்தார்: விழுப்புரத்தில் இங்கிலீஷ் படம் காலைக் காட்சிக்கு மட்டும் வரும், பகல் காட்சிக்குத் தமிழ்ப் படத்தை நேரத்துக்குத் தொடங்கியாக வேண்டும், படம் இழுத்தால் கடைசிக்கு முந்தின ரீலை விட்டுவிட்டு நேராகக் கடைசி ரீலைப் போட்டுவிடுவோம். திண்டிவனத்தில் மூன்று காட்சியும் அதே படம், அதனால் முழுசாக ஓடியது. இந்த ஆளையும் சந்தேகப்பட்டேன், பொய் சொல்லாமல் சொல்கிறேன். படத்தைத் தேடி, காதில் இயர்போனை அமுக்கிக்கொண்டு, முதலிலிருந்து பார்த்தேன்.

பொத்தான் இருக்கிறது, திண்டிவனம். நீ சொன்னபடியே இருக்கிறது. அவன் அவளைத் துரத்திவிட்டு வந்து கோட்டைக் கழற்றி மாட்டுகிறான், பொத்தான் ஒன்று அறுந்து உருண்டு ஓடுகிறது, காலால் மிதித்தால் உள்ளே ஒயர். அதற்குப் பிறகுதான் ரயிலடிக்கு ஓடுகிறான், அவள் ரயில் கிளம்பிவிட்டது. அன்று தியேட்டரே ஊளையிட்ட அந்த முடிவு இப்போது என்னால் பார்க்க முடியாததாக இருந்தது. நீ ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

அப்படியானால் மாமனிடம் சொன்னது யார்? என் வீட்டுக்காரர் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாகக் கேட்காததை அப்போதுதான் கேட்டேன்.

"யாரு சொல்லணும்?" என்றார், பேப்பரை இறக்காமல். "அப்பா கோலியனூருக்குப் போன் போட்டுட்டுக் காதுல வச்சிக்கினு இருந்தாரு. உள்ள நீயே யாருகிட்டயோ பேசிக்கினு இருந்தியாம். எல்லாத்தையும் கேட்டுட்டு வச்சிட்டாரு. உனக்குத் தெரியும்னுதான் நெனச்சிக்கினு இருக்கேன்."

அவரையும் ஒரு நாள் முழுக்கச் சந்தேகப்பட்டேன். ஆனால் அந்த இருமல் ஞாபகம் வந்துவிட்டது. மல்லாட்டைத் தூசியில் முப்பது வருஷம் உட்கார்ந்த மாமனின் இருமல், கல்யாணமான பிறகு தினமும் விடியும்போது கேட்ட இருமல். நீ அன்றைக்கே கேட்டுவிட்டாய். என் கல்யாணச் செய்தி வந்ததும் உனக்கு எல்லாம் புரிந்திருக்கும். லைனில் சொன்னால் மேற்பார்வையாளர் கேட்பார், கீயைத் திறந்து வைத்துக்கொண்டு கதை பேசினேன் என்று எனக்கு மெமோ வரும். அதனால் படத்தை வைத்துச் சொல்லிப் பார்த்தாய். அதுவும் நடக்காமல் பஸ் ஏறி வந்தாய். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்காக இன்னொருத்தி பார்த்துச் சொல்லியும் நான் நம்பவில்லை. தப்பு என் மேல்தான், திண்டிவனம். மெட்ராஸ் கைவிட்டுப் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இவர் கெட்டவர் இல்லை, இருந்துவிட்டேன். நீ வெயிலில் நின்ற அந்த அரை மணி நேரத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் கணவர், பிள்ளைகள் யாரையும் எனக்குத் தெரியாது. உன் சொந்தப் பெயரை வைத்துத் தேடினால் கிடைப்பார்கள். கிடைத்து என்ன சொல்வது? அந்தப் படத்தை வானளாவப் புகழ்கிற குழுவில் மட்டும் நேற்று நானும் ஒரு வரி எழுதினேன்: இந்தப் படத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு எங்கள் போர்டுக்காரிகளில் முதலில் சொன்னவள் திண்டிவனத்துக்காரி ஒருத்தி. யார் என்று ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். நான் சொல்லவில்லை.

போனில் பேசி முடித்ததும் நான் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன், அறுந்துவிட்டதா, இன்னும் யாராவது கேட்கிறார்களா என்று. வீட்டில் எல்லோருக்கும் அது சிரிப்பு. அந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாள் யோசித்ததே இல்லை. உன் குரலை மறந்துவிட்டேன் என்று நினைத்த வருஷங்களிலும் உன் பேச்சைத்தான் கேட்டிருக்கிறேன்.

கீயைப் பார்த்துவிட்டேன், திண்டிவனம். மூடியிருக்கிறது, யாரும் கேட்கவில்லை. லைன்லதான் இருக்கேன். சொல்லு.